கோதுமை படாத தட்டு

அந்தச் சிறையின் பெண்கள் பகுதியில் இருநூற்றெழுபது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரே வழக்கில் உள்ளே வந்த மாமியாரும் மருமகளும் இவர்கள் இரண்டு பேர்தான். அதனால் எல்லோர் வாயிலும் அதுவே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. மூன்று வருடமாக ஒரே முற்றத்தில் நடந்து, ஒரே குழாயில் குளித்து வந்தாலும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எதிரெதிரே வந்தால் மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு போவாள்.

செத்தவன் மாமியாரின் ஒரே மகன், மருமகளின் கணவன். லாரிப் பட்டறையில் வெல்டராக இருந்தவன். கை கனம். பதினோரு வருடத்தில் மருமகளுக்கு இரண்டு விலா எலும்பு, ஒரு கடைவாய்ப்பல், இடது காதின் பாதிக் கேட்கும் சக்தி எல்லாம் அவன் கையால் போயிருந்தன. கடைசி நாளன்று சமையலறையில் அவள் கூந்தலைச் சுற்றிப் பிடித்து முகத்தை அடுப்பு மேடையின் விளிம்பில் மோதிக்கொண்டிருந்தான். அவள் கை துழாவியது. இரும்பு வாணலியின் காது அகப்பட்டது. முதல் அடி அவன் தோளில் விழுந்தது, பிடி விடவில்லை. இரண்டாவது அடி காதுக்கு மேலே விழுந்தது; பிடி விட்டது. மூன்றாவதும் நான்காவதும் தேவையற்றவை என்று அரசுத் தரப்பு வக்கீல் வாதாடினார். அவரைப் பதினோரு வருடம் யாரும் அடித்துப் பார்த்ததில்லை.

அத்தனை நேரமும் மாமியார் சமையலறைக் கதவை உள்பக்கம் தாழிட்டு, கதவில் முதுகைச் சாய்த்தபடி நின்றிருந்தாள். மகன் தப்பி ஓடிவிடாமல் இருக்கத்தான் தாழிட்டாள், இருவரும் பேசிவைத்துச் செய்த கொலை இது என்று கோர்ட்டு முடிவுகட்டியது. மாமியார் மறுத்து வாயைத் திறக்கவில்லை. இருவருக்கும் ஆயுள் தண்டனை.

மருமகளுக்கு ரொட்டிக் கல்லில் வேலை போட்டார்கள். ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய கல். காலையும் மாலையும் ஐநூறு ஐநூறாகக் கோதுமை ரொட்டி. மாவு மூக்கிலும் புருவத்திலும் படிந்து, வேலை முடிந்து வரும்போது அவளே ஒரு மாவுப் பொம்மைபோல் இருப்பாள்.

மாமியார் அந்த ரொட்டியைத் தின்று தின்றே கரைந்துகொண்டிருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், கால் வீக்கம். திடகாத்திரமாக உள்ளே வந்தவள் கொடியில் காயப்போட்ட துணிபோல் ஆனாள். ஒருநாள் எண்ணிக்கைக்கு வரிசையில் நின்றபோது அப்படியே மடங்கி விழுந்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் வரும் பெண் டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் மேட்ரனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கோதுமைல இருக்கிற பசை இவங்க குடலை அரிக்குது. இனிமே ஒரு துளி மாவு படக் கூடாது. மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. சாப்பாடுதான் மருந்து."

மேட்ரன் கெட்டவள் இல்லை, சோம்பேறி. ரொட்டியை நிறுத்தச் சொன்னாள், அத்தோடு கடமை முடிந்தது. மாமியாருக்கு மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, தோலுரித்து வேகவைத்த உருளைக்கிழங்கு, அரிசிமாவு பிஸ்கட். முதல் இரண்டு வாரம் போக்கு நின்றது. முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. மூன்றாவது வாரம் எல்லாமே நின்றுவிட்டது. நாலு நாள், ஆறு நாள், எட்டு நாள். வயிறு தவலைபோல் உப்பியது.

ஒன்பதாம் நாள் காலையில் சமையற்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் கழிப்பறையிலிருந்து மாமியாரின் அலறல் கேட்டது. மருமகள் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மகன் செத்துக் கிடந்தபோதுகூட அந்த அம்மாள் அப்படிக் கத்தவில்லை. வெளியே வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "என்னம்மா, இரட்டைப் பிள்ளையா?" என்று எவளோ கேட்டாள். கதவு திறந்தபோது மாமியாரின் பாவாடை பின்பக்கம் முழுக்க ரத்தமாக இருந்தது. சிரித்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். கல்லில் இருந்த ஆறு ரொட்டியும் கருகிப்போயிருந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் மேட்ரனைக் கிழித்தெடுத்துவிட்டார்.

"ரொட்டியை நிறுத்தினீங்க, சரி. ரொட்டியோட போன நாரை யாரு குடுக்கறது? வெள்ளைச் சோறும் உரிச்ச கிழங்கும் போட்டா குடல் சிமெண்டு மாதிரி இறுகிடும். கிழிஞ்சிருக்கும்மா. தையல் போடற அளவுக்குக் கிழிஞ்சிருக்கு!"

அவர் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துப் புரிந்துகொள்ளச் சமையற்கட்டில் மருமகளைத் தவிர ஆளில்லை. தோலோடு கொண்டைக்கடலை, பீன்ஸ், கீரை. கிழங்கைத் தோலோடு வேகவைக்க வேண்டும். உடைத்த மக்காச்சோளம், ஒரு கரண்டி பொடித்த ஆளிவிதை, கைப்பிடி வேர்க்கடலை, தினம் இரண்டு பழம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கூடவே நிறையத் தண்ணீர். பாத்திரம், கரண்டி, தட்டு எல்லாம் தனி.

"உங்க மாமியாருக்குத்தான். நீ செய்வியா, வேற ஆளப் போடட்டுமா?" என்று மேட்ரன் கேட்டாள்.

"செய்யறேன்."

அவள் ரொட்டிக் கல்லை வேறொருத்தியிடம் விட்டாள். மாவு பறக்காத கொல்லைப்புறக் கொட்டகையில் தனி அடுப்பு மூட்டினாள். கடலையை முதல்நாளே ஊறப்போட்டாள். தலைக்கு எண்ணெய் தடவாமல்கூட இருந்திருப்பாள், அந்த ஒரு பானையைத் தேய்க்காமல் இருந்ததில்லை.

முதல் தட்டு பரிமாறும் ஜன்னல் வழியாகப் போனது. மாமியார் தட்டையும் பார்த்தாள், ஜன்னலுக்கு உள்ளே இருந்த முகத்தையும் பார்த்தாள். அடுத்த நொடி தட்டு திரும்பி வந்தது. காற்றில் வந்தது. எவர்சில்வர் விளிம்பு மருமகளின் புருவத்தைக் கிழித்தது. சூடான கடலை கழுத்தில் வழிந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி ஜன்னலும் மாமியாரும் சிவப்பாகத் தெரிந்தார்கள்.

மேட்ரன் தடியோடு ஓடி வந்தாள். "யாரு எறிஞ்சது?"

"கை தவறிடுச்சு. நான்தான் சரியாப் பிடிக்கல" என்றாள் மருமகள்.

மூன்று தையல். மறுநாள் மறுபடி அதே தட்டு, அதே கடலை. மாமியார் வெகுநேரம் நின்றாள். வீம்பு ஒருபக்கம் இழுத்தது, வயிறு ஒருபக்கம் இழுத்தது. வயிறு ஜெயித்தது. தட்டை வாங்கிக்கொண்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றாள். முதல் வாரம் காற்றுத் தொல்லை. அவளோடு எட்டாம் அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு மனு எழுதினார்கள். இரண்டாம் வாரம் ஒரு காலையில் மாமியார் கழிப்பறைக்குப் போய் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தாள். முகம் கழுவிவிட்ட கண்ணாடிபோல் இருந்தது. "போயிடுச்சா?" என்று வரிசையே ஒரே குரலில் கேட்டது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்குள் இருந்த மருமகள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவசரமாக அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இது பட்டாளத்தின் கண்ணில் பட்டது.

பட்டாளம் என்பது ஒருத்தியின் பட்டப்பெயர். தனி ஆளாக ஒரு படைக்குச் சமம் என்பதால் வந்தது. மூன்று பேரை வெட்டியதாக அவளே சொல்லிக்கொள்வாள், பதிவேட்டில் ஒருவர்தான். துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் கேனில் பழத்தோலும் சர்க்கரையும் போட்டுப் புளிக்கவைத்துச் சாராயம் இறக்குவாள். பழம் மாதத்துக்கு ஒருமுறை வரும் சங்கதி. இங்கே ஒரு கிழவிக்கு மட்டும் தினம் இரண்டு பேரிக்காய்.

முதல்நாள் பட்டாளம் கேட்டாள். மாமியார் கொடுக்கவில்லை. பட்டாளம் பேரிக்காயைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, புறங்கையால் ஒன்று வைத்தாள். மாமியார் பெஞ்சோடு பின்னால் சாய்ந்து விழுந்தாள். இரண்டாம் நாள் மாமியார் பழத்தை வேகவேகமாக முதலிலேயே தின்னப் பார்த்தாள். பட்டாளம் அவள் கழுத்தைப் பிடித்து, வாய்க்குள் விரலைவிட்டு, மென்றதைத் தோண்டி எடுத்துத் தரையில் எறிந்தாள். "என் பழத்தத் தின்னா தொண்டைலேர்ந்து எடுப்பேன்" என்றாள். ஊசி என்று ஒரு ஒல்லிக்காரி எப்போதும் அவள் நிழலாகத் திரிவாள். அவள் வேர்க்கடலையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மாமியாரின் கன்னத்துக் காயத்தை மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். யாரிடமும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பழத்தைத் தட்டில் வைக்காமல் நறுக்கி, வேர்க்கடலையை இடித்து, சோளக் கூழுக்குள் கலந்து அனுப்பினாள். திருட ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் சமையற்கட்டு காலியாக இருந்த நேரம். மாலை ரொட்டிக்காகக் கல் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. மருமகள் விறகு எடுக்க உள்ளே வந்தாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஊசி கதவில் சாய்ந்து நின்றாள். அப்படிக் கதவில் சாய்ந்து நின்ற இன்னொரு உருவம் மருமகளுக்கு நினைவு வந்தது.

"ரொம்பப் புத்திசாலின்னு நெனப்போ?" பட்டாளம் நிதானமாகக் கேட்டாள். "நாளைலேர்ந்து ரெண்டு பழம் இல்ல, நாலு பழம் எழுதி வாங்கு. நாலும் எனக்கு."

"அது அவங்களுக்கு மருந்து. குடுக்க முடியாது."

"உன்கூடப் பேசக்கூட மாட்டாளே அந்தக் கெழவி. உனக்கு என்னடி வந்துச்சு?"

"எனக்கு என்ன வந்தா உனக்கென்ன? முடியாது."

பட்டாளம் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். மருமகள் உதறினாள், உதைத்தாள், பட்டாளத்தின் முழங்கையைக் கடித்தாள். பயனில்லை. பட்டாளம் அவளைத் தரதரவென்று இழுத்துப்போய், விரித்த உள்ளங்கையை ரொட்டிக் கல்லின்மேல் வைத்து, தன் இரண்டு கையாலும் அழுத்தினாள். சுர்ரென்று சத்தம் வந்தது. கறி தீயும் வாசனை வந்தது. மருமகள் முதலில் கத்தவே இல்லை. வலி வந்து சேர ஒரு கணம் ஆயிற்று. வந்து சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் மடங்கி, கையை மட்டும் கல்லில் விட்டுவிட்டுக் கீழே தொங்கினாள். பட்டாளம் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் விட்டாள். உள்ளங்கைத் தோலில் பாதி கல்லோடு ஒட்டிக்கொண்டது.

மேட்ரன் கேட்டதற்கு மருமகள் "வழுக்கிடுச்சு" என்றாள். காட்டிக்கொடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மருத்துவ அறையில் இருந்த இரண்டு கட்டிலில் ஒன்றில் அவளைப் படுக்கவைத்துக் கையை முழங்கைவரை கட்டினார்கள். தனிச் சமையலுக்கு ஆள் வேண்டுமே என்று மேட்ரன் தேடியபோது ஊசி பவ்யமாகக் கையைத் தூக்கினாள். மேட்ரனுக்கு ஒரு தலைவலி தீர்ந்தது.

மூன்றாம் நாள் இரண்டாவது கட்டிலுக்கு மாமியாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் தடவை விழுந்ததைவிட மோசம். வாந்தி வாளி நிறைந்து, வெறும் பித்தமும் வந்து, அதுவும் நின்று, வயிறு மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. அவசரமாகக் கூப்பிட்டனுப்பிய டாக்டர் ஊசிமருந்து ஏற்றிக்கொண்டே கேட்டார். "என்ன சாப்பிட்டீங்க?"

மாமியார் மூச்சு வாங்கினாள். "கடலை... ரெண்டு நாளா கொழகொழன்னு இருந்துச்சு. இவ சமைச்சா அப்படி இருக்காது."

இவ என்று சொல்லிப் பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

மாவு கரைத்து ஊற்றியிருக்கிறார்கள் என்று மருமகளுக்கு உடனே விளங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள். டாக்டர் போனபிறகு அறையில் இருவர் மட்டுமே. வெயில் ஜன்னல் கம்பி நிழலைத் தரையில் மெல்ல நகர்த்தியது. பேச்சை மாமியார்தான் ஆரம்பித்தாள்.

"கை ரொம்ப எரியுதா?"

"ம்."

"அவதானே?"

"ம்."

"பழத்தக் குடுத்துத் தொலைச்சிருக்கலாமில்ல?"

"அப்புறம் நீங்க மறுபடி கத்துவீங்க, அத்தை. என்னால கேக்க முடியாது."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே பேசினாள். 

"கோர்ட்டுல அவன் தப்பிச்சுடாம இருக்க நான் தாழ்ப்பாள் போட்டேன்னு சொன்னாங்க. அது பொய்."

மருமகள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அவன் உன்னை அடிக்கறப்பல்லாம் நான்தான் தாழ்ப்பாள் போடுவேன். பக்கத்து வீட்டுல பாத்தா மானம் போயிடுமேன்னு. பதினோரு வருஷம் அப்படித்தான் போட்டேன். அன்னைக்கும் அதுக்குத்தான் போட்டேன். உன்னை உள்ள வச்சுத்தான் போட்டேன்டி, அவனை வச்சு இல்ல."

"தெரியும் அத்தை" என்றாள் மருமகள். தெரியாது. ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு சந்தேகம் எப்போதும் இருந்தது. அது உறுதியானபோது எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை; கை அதைவிட அதிகமாக எரிந்தது.

"தெரிஞ்சுமா கடலை ஊறப்போட்டே?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"உன் மூஞ்சியப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. கோவம்னு எல்லாரும் நெனச்சாங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மருமகளுக்கு மன்னித்தேன் என்று சொல்ல வரவில்லை, திட்டவும் வரவில்லை. எழுந்துபோய் இடது கையால் தம்ளரில் தண்ணீர் பிடித்து மாமியாரின் வாயில் வைத்தாள். மாமியார் குடித்தாள். குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கியது.

அடுத்த நாள் மருமகளை வெளியே விட்டார்கள். பகல் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. கூடத்தில் நீளநீளமான மேசைகள், இருநூறு பேரின் தட்டுச் சத்தம். மருமகள் யாரையும் பார்க்காமல் பரிமாறும் இடத்துக்குப் போனாள். பருப்பு அண்டாவைக் கிளறும் இரும்புக் கரண்டி அங்கே சாய்த்து வைத்திருந்தது. ஒரு கை நீளம், ஒன்றரைக் கிலோ கனம். இடது கையில் எடுத்தாள். ஈரமாக இருந்தது, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பட்டாளம் நடு மேசையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஊசி. ஊசிதான் முதலில் பார்த்தாள். "அக்கா" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கரண்டி இறங்கிவிட்டது. இடது கைப் பழக்கம் இல்லாத அடி. மண்டையில் விழ வேண்டியது காறை எலும்பில் விழுந்தது. பட்டாளம் ஒரு காளைபோல் முக்காரமிட்டுக்கொண்டு எழுந்தாள். மேசை கவிழ்ந்தது. பருப்பும் ரொட்டியும் தண்ணீரும் தரையெங்கும் ஓடின.

பட்டாளத்துக்குச் சண்டை கைவந்த கலை. நேராக மருமகளின் கட்டுப்போட்ட கையைத்தான் பிடித்தாள். பிடித்து நசுக்கினாள். மருமகளுக்குக் கண் இருண்டது. கரண்டி விழுந்தது. பட்டாளம் அவளைப் பருப்புச் சகதியில் மல்லாக்கத் தள்ளி, மார்மேல் உட்கார்ந்து, தலைமுடியைச் சேர்த்துப் பிடித்து, பின்மண்டையைத் தரையில் மோதினாள். ஒருமுறை, இருமுறை. சுற்றி நின்றவர்கள் ஒரே சத்தமாகக் கத்தினார்கள். யாருக்காகக் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. "கெழவியக் கொல்லப் பாத்தேன், தப்பிச்சுட்டா. நீ மாட்டினே" என்றாள் பட்டாளம். எச்சில் மருமகளின் முகத்தில் தெறித்தது.

முடியைப் பிடித்த பிடி மருமகளுக்கு நன்றாகப் பழக்கமான பிடி. அதில் எந்தப் பக்கம் திரும்பினால் வலி குறையும் என்று அவளுக்குத் தெரியும். தலையைப் பிடித்த பக்கமாகவே கொடுத்து உருண்டாள். ஒரு கொத்து முடி வேரோடு போனது. பட்டாளம் சகதியில் சறுக்கினாள். கரண்டியின் காம்பு மருமகளின் இடது கைக்கு எட்டியது. படுத்த வாக்கிலேயே வீசினாள். தாடையில் விழுந்தது. காய்ந்த விறகு முறிவதுபோல் ஒரு சத்தம். கூடம் அடங்கிவிட்டது. பட்டாளத்தின் வாய் ஒருபக்கமாகத் தொங்கியது. இரண்டு பல் தரையில் கிடந்தன.

மருமகள் எழுந்து நின்றாள். கரண்டியை மறுபடி ஓங்கினாள். கீழே கிடந்தவளின் கண் திறந்திருந்தது; அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் பயம் இருந்தது. செத்துப்போனவனின் கண்ணில் கடைசிவரை ஆச்சரியம்தான் இருந்தது, பயம் இல்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.  இன்னொரு அடி தனக்குள் இருப்பதும், அதை அடித்துவிட்டால் இங்கிருந்து பிணமாகத்தான் வெளியே போக முடியும் என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கையைத் தாழ்த்தினாள். கரண்டியைக் கழுவும் வாளிக்குள் போட்டாள்.

"மாவு கரைச்சது நீதானே?" என்று ஊசியைக் கேட்டாள். ஊசி கவிழ்ந்த மேசைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு, "அக்கா சொல்லித்தான், அக்கா சொல்லித்தான்" என்று அழுதாள். இருநூறு பேர் கேட்டார்கள். உள்ளே ஓடி வந்த வார்டன்களும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, தடிகளால் மருமகளைத்தான் அடித்தார்கள். நின்றவள் உட்காரும்வரை அடித்தார்கள், உட்கார்ந்தவள் படுக்கும்வரை அடித்தார்கள்.

நாற்பது நாள் தனியறை. நன்னடத்தைக்குக் கழித்திருந்த இரண்டு வருடம் தண்டனையில் திரும்பச் சேர்ந்தது. இனிச் சமையற்கட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஊசியை வேறு சிறைக்கு மாற்றினார்கள். பட்டாளத்தின் தாடையைப் பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டி, பத்தாம் நாள் திருப்பி அனுப்பினார்கள். அவள் சாராயக் கேன் பிடிபட்டுவிட்டது. வாய் திறந்து மிரட்டவும் வழியில்லை.

இதற்கிடையில் மாமியார் மேட்ரன்முன் போய் நின்றாள்.

"கொல்லைப்புற அடுப்பை எனக்குக் குடுங்க. என் சாப்பாட்ட நானே செஞ்சுக்கறேன். இனி எவ கைலயும் நம்பி விட முடியாது."

"உங்களுக்கு உடம்பு தாங்குமா?"

"தாங்காட்டி இங்கேயே பொதைச்சுடுங்க. அதுக்கும் இடம் இருக்குல்ல?"

மேட்ரன் அடுப்பைக் கொடுத்தாள். தனியறைக் கைதிக்குச் சாப்பாடு கொண்டுபோக வேறு யாரும் முன்வராததால் அந்த வேலையும் மாமியாருக்கு வந்தது. தினம் பகலில் அவள் தனியறைக் கதவின் சின்னத் திறப்பு வழியாகத் தட்டை உள்ளே தள்ளிவிட்டு, அங்கேயே சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்துகொள்வாள்.

இருபதாம் நாளோ என்னவோ, மருமகள் உள்ளிருந்து கேட்டாள். "அவ எப்படி இருக்கா?"

"யாரு, தாடையா? வாயத் தொறக்க முடியாது. பாலும் கஞ்சித் தண்ணியும்தான். ஒன்பது நாளா வெளிய போகல. முந்தாநாள் கக்கூஸ்ல உக்காந்து, பல்ல இறுக்கிக் கட்டின வாயோட ஊஊன்னு அழறா. கத்தக்கூட முடியல பாவி."

"நல்லா அழட்டும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் கீரையும் கடலையும் வேகவச்சு, கரைச்சு, வடிகட்டி, ஆளிவிதை கலந்து கொண்டுபோய்க் குடுத்தேன். விஷம்னு நெனச்சுட்டா. வாங்க மாட்டேங்கிறா. நான் ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டினேன். குழாய் வச்சு உறிஞ்சினா."

திறப்பின் வழியே தட்டு வெளியே வந்து விழுந்தது. சோளக் கூழ் மாமியாரின் காலில் தெறித்தது.

"அவளுக்கா? என் கையைப் பாருங்க அத்தை! விரல மடக்க முடியல எனக்கு! உங்களக் கொல்லப் பாத்தவளுக்குச் சமைச்சுக் குடுத்தீங்களா?"

"ஆமாடி. எங்க பக்கத்துக்கு மொத்தமே நாலு கக்கூஸ். அதுல ரெண்டு அடைப்பு. இவ ஒண்ணுல போய் மூணு மணிநேரம் உக்காந்தா மத்தவங்க எங்க போறது? நீ இங்க தனியா ராணி மாதிரி இருக்கே, உனக்கு என்ன தெரியும்?"

"சொல்றதுக்கு வேற காரணம் கெடைக்கலையா உங்களுக்கு?"

"கெடைச்சா சொல்ல மாட்டேனா? இரு, இன்னொரு தட்டு கொண்டுவரேன். அதையும் எறிஞ்சியோ, பட்டினி கெட."

மருமகள் உள்ளே கதவை உதைத்தாள். கட்டு அவிழ்ந்த கையால் ஒருமுறை குத்தியும் விட்டாள், வலியில் துடித்துப்போனாள். பிறகு கொண்டுவந்த தட்டில் இருந்ததைப் பசி தாளாமல் தின்றாள். ஆனால் அடுத்த மூன்று நாள் மாமியாரிடம் பேசவில்லை. மாமியாரும் விட்டுப்பிடித்தாள். நாலாம் நாள் மருமகள் தானாகவே கேட்டாள். "அப்புறம்? போயிடுச்சா அவளுக்கு?"

"அன்னைக்கு சாயங்காலமே. என் கையைப் பிடிச்சுக்கிட்டா மூதேவி. உதறிட்டு வந்துட்டேன்."

நாற்பது நாள் முடிந்து மருமகள் வெயிலுக்கு வந்தாள். துணி துவைக்கும் வேலை கிடைத்தது. வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. துணியை ஒரு கையால்தான் பிழிந்தாள். பட்டாளம் அவளைக் கண்டால் சுவரோரம் ஒதுங்கிப் போனாள். மருமகளின் விடுதலைக்கு இன்னும் பதிமூன்று வருடம் என்று மேட்ரன் கணக்குச் சொன்னாள். மாமியாருக்கு அப்போது எழுபத்துநாலு ஆகும்.

அன்று பகலில் மருமகள் கூடத்தில் தன் பங்கு ரொட்டியைத் தின்றுவிட்டுக் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போனாள். மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் நறுக்கறேன் அத்தை."

"தொடாதே! ரொட்டி தின்ன கை. போய்க் கழுவிட்டு வா."

குழாயடியில் மருமகள் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். நகக்கண்ணையும் தேய்த்தாள். மறுபடி வந்து இரண்டு கையையும் நீட்டினாள். மாமியார் அடுப்படியை விட்டு எழுந்து வந்து, முதலில் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தழும்பேறி மினுமினுத்த வலது உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, மடங்காத விரல் இடுக்குகளில் மாவு எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, உக்காரு. பொடியா நறுக்கு" என்று கத்தியை அவளிடம் கொடுத்தாள்.